எட்டணா நூலும் ஐந்து நட்சத்திரமும்

1936 ஜூலையில் ‘ஹரிஜன்’ இதழில் ஒரு நூல் மதிப்புரை வெளிவந்தது. நூல்: ‘சாதி ஒழிப்பு’. எழுதியவர் அண்ணல் அம்பேத்கர். மதிப்புரை எழுதியவர் காந்தி. லாகூரில் இயங்கிய ஜாத்-பாத்-தோடக் மண்டல் தன் மாநாட்டுக்குத் தலைமையேற்க அம்பேத்கரை அழைத்தது. அவர் அனுப்பிய உரையைப் படித்தபின் அஞ்சிப் பின்வாங்கியது. ஆற்றப்படாத அந்த உரையை அம்பேத்கர் தம் சொந்தச் செலவில் 1,500 படிகள் அச்சிட்டு வெளியிட்டார். விலை எட்டணா.

காந்தி தம் மதிப்புரையில் நூலின் முதன்மைக் கருத்தை மறுத்தார். ஆயினும் எந்தச் சீர்திருத்தவாதியும் இந்த உரையைப் புறக்கணிக்க இயலாது என்று ஒப்புக்கொண்டார். விலையை இரண்டணாவாகவோ நாலணாவாகவோ குறைக்கலாம் என்று யோசனையும் சொன்னார். இவற்றோடு, அம்பேத்கர் தம்மைப் பிறர் மறந்துவிட விடுகிறவர் அல்லர் என்று பொருள்படும் ஒரு வரியையும் எழுதினார். அம்பேத்கரின் மறுமொழி அந்த வரியிலிருந்துதான் தொடங்கியது. நான் விளம்பரம் தேடுகிறேன் என்று எல்லாரையும் விட மகாத்மா குற்றம்சாட்டுவது வியப்பளிக்கிறது என்றார் அவர். இந்துக்களைச் சிந்திக்கத் தூண்டுவதே தம் நோக்கம் என்று விளக்கினார். விளம்பரம்தான் நோக்கம் என்றே வைத்துக்கொண்டாலும் அதற்காகத் தம்மீது கல்லெறியும் தகுதி யாருக்கு உண்டு என்றும் கேட்டார்.

ஏறத்தாழ 90 ஆண்டுகளுக்குப் பின், தம் முதல் கவிதைத் தொகுப்பின் அட்டைப் படத்தை முகநூலில் பகிரும் ஒரு தலித் மாணவருக்கும் இதே பழி வந்து சேர்கிறது. ‘எழுதினால் போதாதா, ஏன் இத்தனை விளம்பரம்?’ இக்கேள்வியைப் பெரிய பதிப்பகத்தின் எழுத்தாளரிடம் யாரும் கேட்பதில்லை. அவருக்காக விளம்பரம் செய்யப் பதிப்பகம் இருக்கிறது, நாளிதழின் ஞாயிறு மலர் இருக்கிறது, பல்கலைக்கழகத் துறை இருக்கிறது. ஒருவரின் நூலைப் பிறர் பரப்பினால் அதற்குப் பெயர் வரவேற்பு. அவரே பரப்பினால் அதற்குப் பெயர் தற்புகழ்ச்சி. யாருக்கு ‘பிறர்’ வாய்க்கிறார்கள் என்பதைத் தீர்மானிப்பதில் சாதிக்குப் பெரும்பங்கு உண்டு.

வாசகரும் எழுத்தாளரும் நூல்களைப் பற்றி இணையத்தில் பேசிக்கொள்வது இன்று அன்றாட நிகழ்வு. அது வெறும் பொழுதுபோக்கு அன்று. எந்த நூல் நிலைக்கும், எது மறையும் என்பதை அது தீர்மானிக்கத் தொடங்கிவிட்டது. ஆகவே அதன் இயக்கத்தை நாம் அறிந்துகொள்வது அவசியம். அது நமக்குத் திறந்த கதவு எது, வைத்திருக்கும் பொறி எது என்பதைத் தனித்தனியே காண வேண்டும்.

மௌனமும் ஒரு விமர்சனமே

ஒரு நூலைக் கொல்ல அதைத் தடை செய்ய வேண்டியதில்லை. அதைப் பற்றிப் பேசாமல் இருந்தாலே போதும். 1920 ஜனவரி 31 அன்று அம்பேத்கர் ‘மூக்நாயக்’ இதழைத் தொடங்கினார். அதன் வருகையை அறிவிக்கும் விளம்பரத்தைக் கட்டணம் பெற்றுக்கொண்டு வெளியிடவும் திலகரின் ‘கேசரி’ மறுத்தது. காசு கொடுத்தாலும் கிடைக்காத இடம் என்று ஒன்று உண்டு என்பதை அம்மறுப்பு காட்டியது. தலித் இதழியலின் வரலாறு இப்படிப் பிறர் தர மறுத்த இடத்தைத் தாமே உண்டாக்கிக்கொண்டவர்களின் வரலாறு.

தமிழ்நாட்டில் அது இன்னும் பழையது. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907 ஜூன் 19 அன்று சென்னை இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார இதழைக் கொணர்ந்தார். தன் விலையையே பெயராகச் சூடிய இதழ் அது. வாசகரின் ஐயங்களும் பண்டிதரின் விடைகளும் அதில் இடம்பெற்றன. எழுதுபவரும் படிப்பவரும் ஒரே தாளில் உரையாடினர். கோலார் தங்கவயல் போன்ற தொலைவிடங்களில் இருந்த தொழிலாளர்கள் அதன் வாசகர்களாகவும் புரவலர்களாகவும் விளங்கினர். இன்று நாம் இணையத்தில் செய்வதாக எண்ணிக்கொள்ளும் பல செயல்களுக்கு இது முன்னோடி.

ஆயினும் 1914இல் பண்டிதர் மறைந்தபின் நேர்ந்ததையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தங்கவயலின் சாம்பியன் ரீஃபில் இயங்கிய சித்தார்த்தா புத்தகசாலை அவருடைய எழுத்துகளைச் சிறு வெளியீடுகளாகப் பேணிக் காத்தது. ஆனால் பொதுவான தமிழ் அறிவுலகம் அவரைப் பற்றிப் பேசவில்லை. ஞான. அலாய்சியஸ் தொகுத்த அயோத்திதாசர் சிந்தனைகள் 1999இல் வெளிவந்த பிறகுதான் கல்விப்புலம் அவரைத் திரும்பிப் பார்த்தது. இடையில் கழிந்தவை 85 ஆண்டுகள். எழுத்து அழியவில்லை. எழுத்தைச் சுற்றியிருக்க வேண்டிய பேச்சுதான் இல்லாமல் போயிற்று. நூலுக்கு உயிர் தருவது தாளும் மையும் மட்டுமல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இணையம் திறந்த கதவு

இந்த மௌனத்தை உடைத்ததில் இணையத்துக்குப் பெரும்பங்கு உண்டு. 2014இல் நவயானா பதிப்பகம் ‘சாதி ஒழிப்பு’ நூலை விரிவான அடிக்குறிப்புகளோடு மறுபதிப்புச் செய்தது. அருந்ததி ராய் நீண்ட முன்னுரை எழுதியிருந்தார். முந்தைய காலமாக இருந்திருந்தால் அம்முன்னுரையைப் பற்றிய கருத்தை ஆங்கில நாளேடுகளின் நூல் பக்கங்கள் முடிவு செய்திருக்கும். இம்முறை அவ்வாறு நிகழவில்லை. அம்பேத்கரின் நூலைவிட அதற்கு எழுதப்பட்ட முன்னுரை ஏன் முன்னிறுத்தப்படுகிறது, அம்முன்னுரை ஏன் காந்தியைச் சுற்றியே சுழல்கிறது, அம்பேத்கரை அறிமுகம் செய்யும் உரிமை யாருடையது என்னும் கேள்விகளைத் தலித் வாசகர்கள் இணையத்தில் எழுப்பினர். ‘ரவுண்ட் டேபிள் இந்தியா’ தளம் அவ்விவாதத்தின் களமாயிற்று. ராயும் மறுமொழி எழுதினார். பின்னர் அக்கட்டுரைகளும் பதிவுகளும் தொகுக்கப்பட்டு 2015இல் ‘ஹேட்ரட் இன் த பெல்லி’ என்னும் நூலாக வெளிவந்தன.

இந்நிகழ்வில் இரண்டு செய்திகள் உள்ளன. முதலாவது, முன்னுரை எழுதியவரின் புகழோ பதிப்பின் அழகோ கேள்விகளைத் தடுக்கவில்லை. இரண்டாவது, கேள்வி கேட்டவர்கள் விருப்பக்குறிகளோடு நின்றுவிடவில்லை. நூலைப் படித்தனர், பக்கம் சுட்டினர், வாதத்தை முன்வைத்தனர், இறுதியில் தம் கருத்துகளையே நூலாக்கினர். இணையத்தில் ஓடி மறையக்கூடிய பேச்சு நூலகத்தில் அடுக்கி வைக்கத்தக்க ஆவணமாயிற்று.

சிறு பதிப்பகங்களுக்கும் இக்கதவு பயன்பட்டது. நாக்பூரில் 2016இல் தொடங்கப்பட்ட பேந்தர்ஸ் பா, சென்னையிலிருந்து இயங்கும் நீலம் போன்றவை சமூக ஊடகங்கள் வழியாகவே தம் வாசகர்களை நேரடியாகச் சென்றடைகின்றன. இடைத்தரகரின் தயவு தேவைப்படாத நிலை இது. ‘புக்டாக்’ எனப்படும் டிக்டாக் நூல் காணொளிகள் மேலைநாடுகளில் பழைய நாவல்களையும் மீண்டும் விற்பனைப் பட்டியலில் ஏற்றின. இந்தியாவில் 2020 ஜூனில் டிக்டாக் தடை செய்யப்பட்டபின் அந்த இடத்தை இன்ஸ்டாகிராமும் யூடியூபும் நிரப்புகின்றன. கையில் ஒரு கைப்பேசி இருந்தால் கல்லூரி விடுதியிலிருந்தே ஒருவர் நூல் விமர்சகர் ஆகலாம். இதன் மதிப்பைக் குறைத்துப் பேசக் கூடாது.

நட்சத்திரக் கணக்கு

எனினும் இக்கதவுக்குப் பின்னால் ஒரு தராசு இருக்கிறது. அது எண்ணிக்கையை மட்டுமே எடைபோடும். 2007இல் தொடங்கப்பட்டு 2013இல் அமேசானால் வாங்கப்பட்ட குட்ரீட்ஸ் தளம் ஒரு நூலுக்கு ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் வழங்கச் சொல்கிறது. வழங்குபவர் அந்நூலை வாங்கியிருக்க வேண்டியதில்லை. படித்ததற்கான சான்றும் தேவையில்லை. நூல் வெளிவராத நிலையிலேயே மதிப்பீடு குவிவதுண்டு.

இதன் விளைவை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். ஒரு தலித் எழுத்தாளரின் நூலுக்குப் பத்து வாசகர்கள் ஐந்து நட்சத்திரம் அளித்துள்ளனர் எனக் கொள்வோம். சராசரி 5. நூலைப் படிக்காத ஐந்து பேர் சாதி வன்மத்தோடு வந்து ஒற்றை நட்சத்திரம் இடுகின்றனர். மொத்தம் 55, வாக்குகள் 15, சராசரி 3.67 ஆகச் சரிகிறது. அதே ஐவர், ஆயிரம் பேர் ஐந்து நட்சத்திரம் தந்த வேறொரு நூலுக்குச் சென்று அதையே செய்தால் அதன் சராசரி 4.98. தாக்கியவர் ஐவர்தாம். ஒரு நூல் வீழ்கிறது, மற்றொன்று அசையவும் இல்லை. எண்ணிக்கையில் சிறியோரும் பகை மிகுந்தோரும் இத்தராசில் இருமடங்கு இழப்பவர்கள். வாக்கு அனைவருக்கும் சமம், அதன் விளைவு அனைவருக்கும் சமமல்ல.

இது கற்பனையான அச்சம் அன்று. 2023 ஜூனில் அமெரிக்க எழுத்தாளர் எலிசபெத் கில்பர்ட், ரஷ்யாவைக் களமாகக் கொண்ட தம் நாவலின் வெளியீட்டைத் தள்ளிவைத்தார். யாரும் படித்திராத அந்நாவலுக்கு எதிர்ப்புத் தெரிவித்து குட்ரீட்ஸில் நூற்றுக்கணக்கில் ஒற்றை நட்சத்திரங்கள் குவிந்திருந்தன. உக்ரைன் மக்களின் வேதனை உண்மையானது. ஆனால் நூலின் மதிப்பீடு என்னும் இடத்தில் அங்கே பதிவானது நூலைப் பற்றிய கருத்து அன்று. அதே ஆண்டு டிசம்பரில் இதைவிடக் கீழ்மையான ஒன்று அம்பலமாயிற்று. அமெரிக்காவில் முதல் நாவல் வெளிவரக் காத்திருந்த எழுத்தாளர் ஒருவர் போலிக் கணக்குகளைத் தொடங்கினார். தம்மைப் போலவே முதல் நூலுக்குக் காத்திருந்த பிற எழுத்தாளர்களுக்கு ஒற்றை நட்சத்திரமும் தம் நூலுக்கு உயர்ந்த மதிப்பீடும் இட்டார். பாதிக்கப்பட்டவர்களில் பலர் வெள்ளையர் அல்லாத எழுத்தாளர்கள். வாசகர்களே ஆதாரங்களைத் திரட்டி வெளிப்படுத்தினர். பதிப்பகம் அந்நாவலைக் கைவிட்டது.

இப்படிப்பட்ட திடீர்க் குவியல்களின்போது மதிப்பீட்டைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் முறையை குட்ரீட்ஸ் பின்னர் அறிவித்தது. ஆனால் அசாதாரணம் என்று தளம் கண்டுகொள்வதற்கு நூற்றுக்கணக்கில் குவிய வேண்டும். நமக்கோ ஐந்து பேர் போதும். ஐந்து பேரை எந்த எச்சரிக்கை மணியும் கண்டுகொள்ளாது.

கணக்கில் வராத வாசகர்

தராசின் இன்னொரு குறை, அது நம்முடைய வாசகர்களைப் பார்ப்பதே இல்லை என்பது. ஆண்டுதோறும் தம்மசக்கர நாளன்று நாக்பூர் தீக்‌ஷாபூமியிலும், டிசம்பர் 6 அன்று மும்பை தாதரில் சைத்யபூமியை ஒட்டிய சிவாஜி பூங்காவிலும் லட்சக்கணக்கான மக்கள் கூடுகின்றனர். அங்கு வரிசை வரிசையாக அமைவன புத்தகக் கடைகள். கூலித் தொழிலாளர் குடும்பங்கள் பயணச் செலவிலிருந்து மிச்சம் பிடித்து அம்பேத்கரின் நூல்களையும் புத்தரின் வரலாற்றையும் வாங்கிச் செல்கின்றன. உலகில் வேறெங்கும் ஒரு நினைவு நாள் இப்படிப் புத்தகத் திருவிழாவாக மாறுவது அரிது.

இவ்வாசகர்களில் எத்தனை பேர் இணையத்தில் நட்சத்திரம் இடுகின்றனர்? வாங்கியதற்கான ரசீதும் இல்லாத வாசிப்பு அது. ஒருவர் வாங்கிய நூலை ஒரு தெருவே படிக்கும். எழுத்தறியாத முதியவருக்குப் பேத்தி படித்துக் காட்டுவாள். அமேசான் போன்ற தளங்கள் தம்மிடம் வாங்கியவரின் மதிப்புரைக்கு ‘சரிபார்க்கப்பட்ட கொள்முதல்’ என்னும் முத்திரை அளிக்கின்றன. கண்காட்சியிலும் கூட்ட அரங்க வாயிலிலும் பதிப்பாளரின் வாட்ஸ்அப் எண்ணிலும் வாங்கிய வாசகருக்கு அம்முத்திரை இல்லை. இதனால் மக்களிடையே மிகுதியாகப் படிக்கப்படும் நூல், இணையத்தில் யாரும் படிக்காத நூலாகத் தோன்றுகிறது. இத்தோற்றத்தை நம்பி நூலக ஆணையும் பாடத்திட்டமும் மொழிபெயர்ப்பு ஒப்பந்தமும் தீர்மானிக்கப்படுமானால் பழைய மௌனம் புதிய எந்திரத்தின் வழியாகத் திரும்பி வந்துவிடும்.

ஆகவே படித்தவர்கள் எழுத வேண்டும் என்பது எழுத்தாளருக்குச் செய்யும் உதவி அன்று. எழுத வாய்ப்பில்லாத வாசகர்களுக்காகச் சொல்லும் சாட்சியம்.

கருத்தும் விளம்பரமும்

சாட்சியம் என்றால் அது உண்மையாக இருக்க வேண்டும். இங்கேதான் நம் பக்கத்துக் குறைகளையும் பேச வேண்டியிருக்கிறது. ‘நீ என் நூலுக்கு ஐந்து நட்சத்திரம் போடு, நான் உன் நூலுக்குப் போடுகிறேன்’ என்னும் கொடுக்கல் வாங்கல் எல்லா மொழிகளிலும் உண்டு. எழுத்தாளரின் குடும்பத்தினரும் நெருங்கிய நண்பர்களும் மதிப்புரை எழுதுவதையும், ஒருவருக்கொருவர் மாற்றி எழுதிக்கொள்வதையும் அமேசானின் விதிகள் தடை செய்கின்றன. கண்டறியப்பட்டால் மதிப்புரைகள் நீக்கப்படும். அப்போது நேர்மையாக எழுதியவரின் கருத்தும் சேர்ந்து ஐயத்துக்கு உள்ளாகும்.

இந்தியாவிலும் இதற்கு நெறிகள் வகுக்கப்பட்டுள்ளன. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் இணைய மதிப்புரைகளுக்கான ஐஎஸ் 19000:2022 என்னும் தரநிலையை வெளியிட்டது. மதிப்புரையைத் திரட்டுவது, சரிபார்ப்பது, வெளியிடுவது ஆகியவற்றில் தளங்கள் கடைப்பிடிக்க வேண்டியவற்றை அது சொல்கிறது. அது தொடங்கப்பட்டபோது கட்டாயமாக்கப்படவில்லை. 2023 ஜனவரியில் நடுவண் நுகர்வோர் விவகாரத் துறை, சமூக ஊடகச் செல்வாக்காளர்களுக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. ஒரு பொருளைப் பரிந்துரைப்பவர் அதைத் தயாரித்தவருடன் தமக்குள்ள தொடர்பை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். பணம் மட்டுமல்ல, இலவசமாகப் பெற்ற பொருள், பரிசு, குடும்ப உறவு, பணியுறவு ஆகியவையும் தொடர்பே. பரிந்துரை எந்த மொழியில் உள்ளதோ அதே மொழியில் அறிவிப்பும் இருக்க வேண்டும்.

நூலுக்கு இதைப் பொருத்திப் பார்த்தால் நெறி எளிதாகிறது. பதிப்பகம் இலவசமாக அனுப்பிய நூல் என்றால் அதைச் சொல்லிவிடலாம். எழுத்தாளர் நம் இயக்கத் தோழர் என்றால் அதையும் சொல்லிவிடலாம். ‘இந்நூலாசிரியர் என் நண்பர், கையெழுத்துப் படியிலேயே படித்தேன்’ என்னும் ஒரு வரி கருத்தின் எடையைக் குறைக்காது. படிப்பவர் அதற்குரிய இடத்தில் வைத்து எடைபோட உதவும். எழுத்தாளர் தம் நூலைத் தாமே அறிவிப்பதில் இழிவு ஏதும் இல்லை. வாசகரின் குரலில் ஒளிந்துகொண்டு அறிவிப்பதுதான் இழிவு.

நமக்குள் பேசும் பேச்சு

புகழுரையைவிடக் கடினமானது உள்ளிருந்து எழும் விமர்சனம். நம் எழுத்தாளரின் நூலில் குறை கண்டால் வெளியே சொல்வதா? எதிரிகள் அதைப் பயன்படுத்திக்கொள்ள மாட்டார்களா? இத்தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் தலித் இலக்கியம் இத்தயக்கத்தைக் கடந்தே வளர்ந்தது என்பதையும் மறக்கலாகாது.

ப. சிவகாமியின் ‘பழையன கழிதலும்’ 1989இல் வெளிவந்தது. தலித் தலைவர் ஒருவரின் ஆணாதிக்கத்தையும் சமரசங்களையும் அது மறைக்காமல் காட்டியது. சொந்தச் சமூகத்தின் குறையைப் பொதுவில் வைக்கலாமா என்னும் கேள்வி எழுந்தது. சிவகாமி அந்நாவலைத் திரும்பப் பெறவில்லை, கேட்டவர்களைப் பழிக்கவும் இல்லை. ‘ஆசிரியர் குறிப்பு’ என்னும் மற்றொரு நூலை எழுதினார். முதல் நாவலை எழுதியவரே அதில் தம் எழுத்தைக் கேள்விக்கு உட்படுத்துகிறார். எதை எழுதினேன், எதை விட்டுவிட்டேன், ஏன் என்று தம்மையே விசாரிக்கிறார். இவ்விரண்டும் பின்னர் ஆங்கிலத்தில் ஒரே தொகுதியாக வெளிவந்தன. வாசகரின் கேள்விக்கு எழுத்தாளர் அளிக்கத்தக்க விடைகளில் இது உயர்ந்தது.

பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வெளிவந்தபோது அவருடைய சொந்த ஊரிலேயே கோபம் எழுந்தது. பல மாதங்கள் ஊருக்குள் செல்ல இயலவில்லை என்று அவர் கூறியிருக்கிறார். அந்நூலே பிறகு பல மொழிகளுக்குச் சென்றது, பல்கலைக்கழகங்களின் பாடமாயிற்று. முதல் எதிர்வினையே இறுதித் தீர்ப்பு அன்று. இணையமோ முதல் எதிர்வினையைத்தான் மிகுதியாக விரும்புகிறது. அதன் நெறிமுறைகள் நிதானமான கருத்தைவிடச் சினத்தையே தொலைவுக்குக் கொண்டுசெல்கின்றன. நூல் வெளியான மூன்றாம் நாளில் வீசப்படும் ஒரு வரி, மூன்று மாதம் கழித்து எழுதப்படும் நான்கு பக்க வாசிப்பை மறைத்துவிடுகிறது. இதனை அறிந்தவர்கள் விரைந்து தீர்ப்பு வழங்கும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும்.

விமர்சனம் வேறு, இழிவுரை வேறு

நூலின் மொழி தளர்வாக இருக்கிறது, வாதம் நிறைவுபெறவில்லை, பெண் பாத்திரங்கள் நிழலாகவே நிற்கின்றனர் என்று எழுதுவது விமர்சனம். எழுதியவரின் சாதியைச் சுட்டி, அவருக்கு எழுத்து எதற்கு என்று கேட்பது இழிவுரை. முன்னதற்குப் பதில் வாதம். பின்னதற்குச் சட்டம் உண்டு.

பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஆர்) பிரிவு, பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் இழிவுபடுத்தும் நோக்கோடு அவமதிப்பதையும் அச்சுறுத்துவதையும் குற்றமாக்குகிறது. இணையத்தில் பதிவேற்றப்படும் அவமதிப்பும் பொதுப் பார்வைக்கு உட்பட்டதே என்று கேரள உயர் நீதிமன்றம் 2022இல் கூறியது. அதேவேளை, எல்லா அவமதிப்பும் இப்பிரிவின்கீழ் வராது என்பதையும், சாதியைக் காரணமாகக் கொண்டு இழிவுபடுத்தும் நோக்கம் தேவை என்பதையும் உச்ச நீதிமன்றம் 2024ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றில் விளக்கியது. எனவே கோபத்தில் பதில் எழுதும் முன் சான்றைப் பாதுகாக்க வேண்டும். பதிவின் திரைப்பிடி, அதன் இணைய முகவரி, கணக்கின் பெயர், நாள், நேரம் ஆகியவற்றைக் குறித்து வைத்துக்கொண்டு வழக்கறிஞரை அணுகுவது நல்லது. நீக்கப்பட்ட பதிவைப் பின்னர் மெய்ப்பிப்பது கடினம்.

செய்யக்கூடியவை

மேற்கண்டவற்றிலிருந்து சில நடைமுறைகள் தெளிவாகின்றன. அவற்றுக்குப் பணமோ பெரும் பின்தொடர்வோர் கூட்டமோ தேவையில்லை.

நட்சத்திரத்தோடு நில்லாமல் நான்கு வரியாவது எழுத வேண்டும். சராசரியைப் பகைவர் ஐவர் சரித்துவிடலாம். நூலில் என்ன இருக்கிறது என்று சொல்லும் ஒரு பத்தியை எத்தனை ஒற்றை நட்சத்திரங்களாலும் அழிக்க இயலாது. நூலின் பெயர், ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர், பதிப்பகம், விலை, கிடைக்குமிடம் ஆகியவற்றைத் தவறாமல் குறிக்க வேண்டும். அட்டைப் படத்தில் மட்டும் உள்ள பெயரைத் தேடுபொறி எப்போதும் படித்துக்கொள்ளாது. தட்டச்சு செய்த பெயரை எளிதில் கண்டெடுக்கும்.

முழுதும் படித்தோமா, பாதியில் நிறுத்தினோமா என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. கண்காட்சியில் வாங்கியது, நூலகத்தில் படித்தது, கூட்டத்தில் உரக்க வாசிக்கக் கேட்டது எதுவாயினும் அதையும் எழுதலாம். கணக்கில் வராத வாசிப்பு அவ்வாறுதான் கணக்கில் ஏறும். கல்லூரி வாசகர் வட்டங்கள் தம் உரையாடலைக் குறிப்பாக எழுதி வைத்தால் ஓராண்டில் ஒரு சிறு தொகுப்பு உருவாகும். ஒரு நிறுவனத்தின் முடிவால் தளங்கள் மூடப்படலாம், கணக்குகள் முடக்கப்படலாம், விதிகள் மாறலாம். ஆகவே முகநூலில் எழுதியதன் படியொன்று நம் கையிலும் இருக்க வேண்டும்.

கல்லூரி நூலகத்துக்கு நூல் பரிந்துரைக்கும் படிவம் உண்டு. மாவட்ட மைய நூலகத்திலும் கேட்டு எழுதித் தரலாம். இணையத்தில் இடும் விருப்பக்குறியைவிட நூலகப் பதிவேட்டில் ஏறும் ஒரு வரி நீண்ட நாள் வாழும்.

எழுத்தாளர்களுக்கும் ஒரு சொல். தம் நூலைப் பற்றிப் பேசுவதில் தயங்க வேண்டாம். ஆனால் தம் நூலைப் பற்றி மட்டுமே பேசும் எழுத்தாளரின் குரல் விரைவில் கேட்கப்படாமல் போகும். தமக்கு முன் எழுதியவரையும் தம்மோடு எழுதுபவரையும் சேர்த்துப் பேசும்போது விளம்பரம் அறிமுகமாக மாறுகிறது. எதிர்மறைக் கருத்துக்கு விடையளிக்குமுன், அது நூலைப் பற்றியதா, நம்மைப் பற்றியதா என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நலம்.

மீண்டும் 1937

‘சாதி ஒழிப்பு’ நூலின் 1,500 ஆங்கிலப் படிகளும் இரண்டே மாதங்களில் தீர்ந்தன. 1937இல் இரண்டாம் பதிப்பு வந்தபோது அதற்குள் குஜராத்தியிலும் தமிழிலும் மொழிபெயர்ப்பு வெளியாகியிருந்தது. தமிழுக்கு அதனைக் கொண்டுவந்தது பெரியாரின் ‘குடி அரசு’. ஒரு வாசகர் தாம் படித்ததைத் தம் மக்களுக்குச் சேர்ப்பிக்கும் செயல்தான் அதுவும்.

அந்த இரண்டாம் பதிப்பில் அம்பேத்கர் செய்த ஒன்று இன்றைய விவாதங்களுக்கெல்லாம் பாடமாக நிற்கிறது. தம்மை மறுத்து எழுதப்பட்ட மதிப்புரையை அவர் மறைக்கவில்லை. காந்தியின் சொற்களை நூலின் பின்னிணைப்பில் அப்படியே சேர்த்தார். அதன் கீழே தம் மறுமொழியை வைத்தார். தீர்ப்பை வாசகரிடம் விட்டார். ஒற்றை நட்சத்திரத்தைக் கண்டு அஞ்சுபவரின் செயல் அன்று அது. தம் வாதத்தின்மீதும் வாசகரின் அறிவின்மீதும் நம்பிக்கை கொண்டவரின் செயல்.

எட்டணா அதிகம் என்று சொல்லப்பட்ட அந்நூல் இன்று எத்தனையோ மொழிகளில், எத்தனையோ விலைகளில் கிடைக்கிறது. அதை மறக்கவிடாமல் காத்தவர்கள் படித்துவிட்டு அடுத்தவரிடம் பேசியவர்கள். அப்பேச்சைத் தொடரும் பொறுப்பு இப்போது கைப்பேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரிடமும் இருக்கிறது.